தொடையில் ஐந்து கோடுகள்

போன மாதம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்ஸ் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பை ஆப்பிள். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமான ஒருத்தியைத் தேடி ஆப்பிளோடு ஆள் வந்தால், இவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். புத்தி அப்படி. வேலையில் இருந்தபோது என் பட்டப்பெயர் 'சந்தேக சிஸ்டர்'. இன்றைக்கும் எங்கள் தெருப் பால்காரர் என் வீட்டில் மட்டும் பாலை அளந்து ஊற்றிவிட்டு, நான் குனிந்து பார்த்து முடிக்கிறவரை நின்றுவிட்டுத்தான் போவார்.

நினைத்தது சரிதான். அவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விபத்துப் பதிவேடு இப்போது கம்ப்யூட்டரில் வந்துவிட்டதாம். காயம் எப்படி ஏற்பட்டது என்பதற்கு ஒரு பட்டியல். சாலை விபத்து, தவறி விழுதல், அடிதடி, தீக்காயம், கடி என்று வரிசையாக இருக்குமாம். அதில் ஒன்றைத் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம்.

"வயல்ல டிராக்டர் கவுந்து ஒருத்தர் வந்தாரு சிஸ்டர். அங்கன ரோடே கெடையாது. அதச் சாலை விபத்துன்னு எப்படிப் போட? நீங்க இந்த மாதிரி கேஸ் நெறைய பாத்துருப்பிய. அப்ப எப்படி எழுதுனிய?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

தப்பாக எழுதினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச்சை மாற்றி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போனபிறகு மனசு கேட்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் மூன்றரை வருஷம் படித்தேன். படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரிக்கவும், ஊசி போடவும், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் விபத்துப் பிரிவில் கற்றது. நான் வேலை பார்த்தது தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு ஊர் ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். மேற்கே மலை, மலைமேல் தோட்டங்கள், கீழே வயல், நடுவில் ஆறு. தொண்ணூறுகளில் எங்களுக்கு ரோட்டிலிருந்து வந்த காயங்களைவிட ரோடு இல்லாத இடங்களிலிருந்து வந்தவைதான் அதிகம் என்று எனக்கு நினைவு. மலைப்பாதையில் உருண்ட ஜீப், வயலில் சாய்ந்த டிராக்டர், ஆற்றுக்குள் மணல் அள்ளப் போய் ஆளை இடித்த டிரெய்லர்.

ரோட்டில் ஒன்று நடந்தால் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். காட்டிலும் வயலிலும் ஆற்றுக்குள்ளும் நடந்தால், கூட வந்தவர்கள் சொல்வதுதான் கதை. கூட வந்தவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் வண்டிக்காரர்கள். ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இருக்காது. விவசாயத்துக்கென்று வாங்கிய டிராக்டரில் மணல் ஏறியிருக்கும். ஒன்பது பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினேழு பேர் போயிருப்பார்கள். ஆகவே ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது ஜீப், டிராக்டர் எல்லாம் கதையிலிருந்து காணாமல் போய்விடும். பனையிலிருந்து விழுந்தார், கிணற்றில் விழுந்தார், படித்துறையில் வழுக்கிவிட்டது என்பார்கள். அவர்கள் சொன்ன அத்தனை பேரும் படித்துறையில் வழுக்கி விழுந்திருந்தால் எங்கள் பக்கம் ஆற்றில் குளிக்க ஆளே மிஞ்சியிருக்காது.

ஒரு தடவை கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவன், கல்லூரியில் படிக்கிறவன், காலில் வெந்நீர் கொட்டிவிட்டது என்று வந்தான். வலது கெண்டைக்காலின் உள்பக்கத்தில் மட்டும், நீளவாக்கில், ஒரு கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. வெந்நீர் ஆளைத் தேடி வந்து வலது காலின் உள்பக்கத்தில் மட்டுமா கொட்டும்? "பைக்கு யாருது?" என்று கேட்டேன். அழுதுவிட்டான். சித்தப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் பந்தயம் விட்டிருக்கிறான். வண்டி சாய்ந்து, சைலன்சர் காலில் அழுந்திவிட்டது. இன்னொரு தடவை, மரக்கிளை முறிந்து விழுந்தது என்று தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ஆளின் தலைமுடிக்குள் ஜீப்பின் முன்கண்ணாடித் தூளைப் பொறுக்கி எடுத்தேன். இப்படி நாலைந்து பிடித்ததும் எனக்குத் தலை கனத்துவிட்டது. நோயாளி வாயைத் திறக்கும்போதே இது என்ன பொய் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் அறுவை மருத்துவர் கோமதிநாயகம் டாக்டரும் யார் சொல்வதையும் சட்டென்று நம்பமாட்டார். ஆனால் அவருடைய அவநம்பிக்கை வேறு மாதிரி. "என்ன நடந்தது?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அப்படிக் கேட்டால் கதைதான் வரும் என்பார். "விழும்போது மொகம் எந்தப் பக்கம் இருந்தது?", "யாரு மொதல்ல வந்து தூக்குனா?", "அப்ப வெயில் வந்துட்டா?" என்று சின்னச் சின்னதாகக் கேட்பார். பேச்சுக்கு முன்னால் துணியைப் பார்ப்பார். வெட்டி எடுத்த சட்டையோ லுங்கியோ, எதையும் எறியக் கூடாது. செய்தித்தாளில் பொதிந்து கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். அவர் வந்து பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தும் பார்ப்பார். புதிதாக வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சட்டைப்பையில் தையல்காரர் வைத்திருக்கும் துணி நாடா ஒன்று எப்போதும் இருக்கும். வீங்கிய காலைச் சுற்றி அளந்து, அளந்த இடத்தில் ஊதா மருந்தால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவிட்டுப் போவார். அடுத்த அரை மணியில் அதே கோட்டில் நாங்கள் அளக்க வேண்டும். ஒரு விரற்கடை கூடியிருந்தாலும் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அது நடந்தது.

நாற்று நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டி, சேறாக உழுது தொளி அடிக்கிற காலம். காலை பதினொரு மணிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வேனில் சுடலைமுத்து என்பவரைக் கொண்டுவந்தார்கள். கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். கூட அவர் மனைவி பேச்சியம்மாளும், அவளுடைய அண்ணன் இசக்கியும். ஸ்ட்ரெச்சர் உள்ளே வருவதற்கு முன்னாலேயே பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிராக்டரு வரப்புல ஏறையில சாஞ்சிட்டு சிஸ்டர். இரும்புச் சக்கரத்துக்கு அடியில நெடுநேரம் கெடந்தாவ. கால் மரத்துப் போச்சிங்காவ. வெரசாப் பாருங்க."

நான் பார்த்தேன். ஆள் வெள்ளை வேட்டி கட்டி, கேட்டதற்கு முனகல் தவிர வேறு பேச்சில்லாமல் கிடந்தார். தலை சீவியிருந்தது. உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தோல் எங்கும் கிழியவில்லை. தொடையையும் காலையும் தடவிப் பார்த்தேன், எலும்பு முறிந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் இரண்டு தொடைகளுக்கும் குறுக்காக ஐந்து கோடுகள் வரிசையாகக் கன்றிச் சிவந்திருந்தன. அந்த வருஷங்களில் கம்பால் அடிபட்டு வந்தவர்கள் எத்தனை பேருக்கு மருந்து போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பார்த்த உடனே, இது அடி என்று முடிவு செய்துவிட்டேன்.

"டிராக்டர் மேல விழுந்தா எலும்பு நொறுங்கிருக்கும். தொளியில விழுந்த ஆள் மேல சேறு எங்க? யாரு அடிச்சா? உண்மையச் சொல்லு" என்றேன்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "வாய்க்கால்ல கழுவித்தான் கொண்டாந்தோம். ஆஸ்பத்திரிக்கு அப்படியேவா கூட்டிட்டு வருவாவ?" என்றாள்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். சாகக் கிடக்கிற ஆளானாலும் டாக்டர் முன்னால் அழுக்கோடு கொண்டுபோக மாட்டார்கள். குளிப்பாட்டி, துவைத்த துணி உடுத்தி, தலையும் சீவித்தான் வண்டியில் ஏற்றுவார்கள். எனக்குத் தெரியாத வழக்கமா? என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தடயத்தை அழிக்கிற வேலையாகத்தான் பட்டது. அழுக்குத் துணி எங்கே என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவளுக்குத் துணி எதற்கு?

இசக்கியின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். எனக்கு அது போதும். "வாசல்ல ஏட்டையா இருக்காரு. கூப்பிடுதேன். அவருகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

உடனே இசக்கி தங்கையைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். இரண்டு நிமிஷம் என்னவோ பேசினார்கள். திரும்பி வந்தபோது அவன்தான் முன்னால் நின்றான்.

"மாட்டு வண்டியில இருந்து விழுந்துட்டாவ சிஸ்டர். தங்கச்சி பதறிப் போயி மாத்திச் சொல்லிட்டா. அடியெல்லாம் ஒண்ணுமில்ல. போலீஸ் வேண்டாம்."

பேச்சியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா? விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் எழுதுவது நாங்கள், கையெழுத்து அவர் என்பதுதான் அங்கே நடப்பு. 'மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததாக உறவினர் கூறுகிறார். அடித்ததால் ஏற்பட்ட காயமாகவும் இருக்கலாம்' என்று எழுதினேன். அவள் வாசலில் சொன்னதை எழுதவில்லை. பொய் என்று தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று நினைத்தேன்.

பணியில் இருந்தவர் புதிதாக வந்த இளம் டாக்டர். எக்ஸ்ரே எடுத்தார், முறிவு இல்லை. ஒரு பாட்டில் குளுக்கோஸும் வலிக்கு ஊசியும் போட்டு, பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஏட்டையா வந்து கேட்டார். மாட்டு வண்டி என்றார்கள். அவரும் எழுதிக்கொண்டு போனார். மத்தியானம் நான் இரண்டு தடவை பேச்சியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, பயப்படாமல் உண்மையைச் சொல் என்று நல்லவிதமாகவே கேட்டேன். இரண்டு தடவையும் மாட்டு வண்டி என்றாள். உண்மை, உண்மை என்று கேட்டுக் கேட்டு நானே அவளை அந்தப் பொய்யில் கட்டிப்போட்டேன்.

நாலு மணிக்குக் கோமதிநாயகம் டாக்டர் வேறொரு ஊரில் அறுவை முடித்துவிட்டு வந்தார். நான் கோடுகளைக் காட்டி, அடி கேஸ், மறைக்கிறார்கள் என்றேன். அவர் காலைத் தொட்டார். அதற்குள் இரண்டு தொடையும் வீங்கி உலக்கை மாதிரி இறுகிப்போயிருந்தன. வலது முழங்காலைப் பைய மடக்கினார். அதுவரை முனகிக்கொண்டு கிடந்த ஆள் அலறிவிட்டார்.

"துணி எங்க?"

பேச்சியம்மாள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே ஈர லுங்கி. ஜன்னலோரம் போய் விரித்தார். நெசவுக்குள் ஏறியிருந்த கருஞ்சேற்றில் மசகு எண்ணெய் வாடை எனக்கு நின்ற இடத்திலேயே அடித்தது. திரும்பி வந்து, நாடாவை எடுத்து, தொடையிலிருந்த கோடுகளுக்கு நடுவே அளந்தார். முதல் இடைவெளி, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நாலும் ஒரே அளவு.

"மனுசன் அடிச்சா இப்படி விழாது சிஸ்டர்" என்றார். "கோவத்துல அடிக்கவனுக்கு அளவு நிக்காது. இது தொளிக்கு மாட்டுற இரும்புச் சக்கரத்துல வரிசையா இருக்க பட்டை."

பிறகு பேச்சியம்மாளுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "ஏம்மா, வண்டிய நிமித்தி இவரை எடுக்கும்போது மில்லுச் சங்கு ஊதிட்டா?"

"சங்கு ஊதையிலதான் சாஞ்சிது. தோண்டத் தோண்டச் சேறு மூடிட்டு, வண்டி இன்னும் எறங்குது. பக்கத்து ஊருல போயி இன்னொரு டிராக்டரு கொண்டாந்து இழுக்கையில பத்து மணி பஸ்ஸு போயிட்டு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் வந்ததும் சொன்னேன்லா சிஸ்டர்."

சங்கு ஏழு மணிக்கு. மூன்று மணி நேரம் அவர் அடியில் கிடந்திருக்கிறார். அடியில் மெத்தென்று சேறு இருந்ததால் எலும்பு தப்பித்தது. ஆனால் தசை அவ்வளவு நேரம் ரத்த ஓட்டமில்லாமல் நசுங்கியிருக்கிறது. பாரத்தைத் தூக்கிய பிறகுதான் இதில் ஆபத்தே. செத்த தசையின் விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வந்தவுடனே பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றிக் கழுவிவிட வேண்டும். நாங்கள் ஒரே ஒரு பாட்டில் ஏற்றி, சிறுநீரகத்துக்கு ஆகாத வலி ஊசியையும் போட்டு, ஐந்து மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் சிறுநீர்க் குழாய் போடச் சொன்னார். போட்டேன். கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம் வந்தது. அப்போது குளுக்கோஸ் கண்ணாடிப் பாட்டிலில் வரும். காலிப் பாட்டில்களைக் கழுவி, மணிக்கொரு தடவை வருவதை ஒவ்வொன்றிலும் பிடித்து, நேரத்தை எழுதி ஒட்டி, ஜன்னல் கட்டையில் வரிசையாக வைக்கச் சொன்னார். நிறம் வெளுக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இரண்டு கையிலும் ஊசி குத்தித் திரவம் ஓடியது. ஐந்து மணிக்கு அறுவை அறைக்குக் கொண்டுபோனோம். தொடையின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக நீளமாகக் கீறி, தசையை இறுக்கிக்கொண்டிருந்த உறையைத் திறந்துவிட்டார். முடிச்சு அவிழ்த்த மூட்டையிலிருந்து துணி பிதுங்குவது போல் தசை வெளியே வந்தது. சில இடங்களில் சிவப்பாக இருந்தது. வலது பக்கம் அதிகமும் வெளிறியிருந்தது. கத்தி முனையால் தொட்டால் துடிக்கவில்லை. தையல் போடாமல் ஈரத் துணியால் மூடினோம்.

அறுவை அறையிலிருந்து வெளியே வந்ததும் டாக்டர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தம்மா மொதல்ல சொன்னத அப்படியே எழுதுங்க. எத்தனை மணிக்குச் சொன்னா?"

"பதினொன்னு பத்து."

"போடுங்க. நமக்கு வெளங்குனது எத்தனை மணிக்கு?"

"நாலரை."

"அதையும் போடுங்க."

எழுதினேன். கீழே என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டபிறகு, "காலையிலயே தெரிஞ்சிருந்தா கால் முழுசாக் கெடைச்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அது உண்மையா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

மறுநாள் காலையில் ஜன்னல் கட்டையில் இருந்த கடைசி மூன்று பாட்டிலிலும் அடியை நனைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினோம். சிறுநீரகம் நின்றுபோனதால் அங்கே வயிற்றில் குழாய் வைத்து நாள்கணக்கில் ரத்தத்தின் கழிவை எடுத்தார்கள். நான் விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பேச்சியம்மாள் வராந்தாவில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பயந்துதான் எழுந்தாள், மரியாதைக்காக இல்லை. இசக்கி அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னான் என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தின வாரம் மடைத் தண்ணீருக்காக அவனுக்கும் சுடலைமுத்துவுக்கும் ஊரே பார்க்க வாய்ச்சண்டை. அடி கேஸ் என்று நான் சொன்னதும், பழி தன் மேல்தான் விழும் என்று நடுங்கிவிட்டான். முழங்கையில் இருந்த சிராய்ப்பு, மச்சானைச் சேற்றிலிருந்து இழுத்தபோது பட்டது.

சுடலைமுத்து பிழைத்தார். ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குப் போனார். வலது பாதம் தொங்கிப்போய்விட்டது. காலைத் தரையில் இழுத்து இழுத்துத்தான் நடை. பிறகு டிராக்டரில் ஏறவே இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். பட்டியலில் எதையாவது தட்டித் தொலையுங்கள். ஆனால் அதற்கு முன்னால், வந்தவர் வாசலில் நின்று முதலில் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். சந்தேகப்படுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சந்தேகப்படவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஆப்பிளையே நான் இரண்டு தடவை கழுவித்தான் நறுக்கினேன்.

சுடலைமுத்து வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் பேச்சியம்மாள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாததால் அவள்தான் அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கையில் ஆழமான வெட்டு. துணி சுற்றியிருந்தாள். அதையும் மீறி ரத்தம் சொட்டியது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். நான் பழக்கதோஷத்தில் பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, "எப்படி ஆச்சு?" என்றேன்.

அவள் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். குத்தலாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எதைச் சொன்னா நம்புவிய சிஸ்டர்? அதையே சொல்லுதேன்."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் கையைக் கழுவ ஆரம்பித்தேன்.